குளியலறையில் பியர் வாளி

இப்போது பாரிஸுக்கு வெளியே, வில்லியே லே பெல்லில் எங்களுக்கு இரண்டு குளியலறை உள்ள வீடு இருக்கிறது. இரண்டிலும் காலில் தடக்குகிற சாமான் ஒன்றும் இல்லை. வெள்ளைக் கல்லுப் பதித்து, ஆசுப்பத்திரி மாதிரிப் பளிச்சென்று கிடக்கிறது. இப்படி ஒரு வீடு வேண்டுமென்று இருபது வருசமாகப் பிள்ளையாரிடம் கேட்டவள் நான்தான். வந்த பிறகு பார்த்தால், பாரிஸில் எங்கடை ஆட்கள் நிறைந்த லாச்சப்பலில் முப்பத்திரண்டு சதுர மீற்றர் வீட்டில், ஒரு பியர் வாளியோடு தோள் உரசிக்கொண்டு குளித்த காலத்தைத்தான் மனம் தேடுகிறது. அந்தக் காலத்தில் நான் திட்டாத நாள் கிடையாது. அதையும் சேர்த்துத்தான் தேடுகிறது.

வாளி என் கணவர் குலசேகரத்தினுடையது. அவரைப் பெயர் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, ஆகவே இனி இவர் என்றே சொல்கிறேன். இவர் கார் து நோர் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு ரெஸ்ரோரன்றில் சமையல். கோப்பை கழுவப் போய், மரக்கறி வெட்டி, படிப்படியாக ஏறி, சோஸ் போடுகிற அடுப்புக்கு வந்தவர். இவருடைய மூக்கை நம்பித்தான் அந்தக் குசினி நடந்தது. மீன் வந்து இறங்கினால் இவர் மணந்து பார்த்துத் தலையாட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் ஷெஃப் கையெழுத்து வைப்பார்.

நான் ஃபொபூர் சேன்-தெனியின் வடக்கு முனையில் ஒரு பலசரக்குக் கடையில் கல்லாவில் நின்றேன். இணையத்தில் சாமான் வாங்குகிறவர்கள் தங்கள் பார்சலை வந்து எடுக்கிற இடமும் அதுதான். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு தட்டு. அடையாள அட்டையைப் பார்த்து, கையெழுத்து வாங்கி, பார்சலை எடுத்துக் கொடுப்பதும் என் வேலைக்குள் அடக்கம்.

2011 மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, பெரிய பெட்டி ஒன்று வந்து இறங்கியது. நாலு பக்கமும் நுரை வழிகிற பியர் கிளாஸ் படம். பெயரைப் பார்த்தால் குலசேகரம். ஊரில் எத்தனை குலசேகரம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தொலைபேசி இலக்கத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டு இலக்கம். நான் வெள்ளிக்கிழமை விரதக்காரி, பிள்ளையார் தேருக்குத் தேங்காய் உடைக்கக் கடையில் தேங்காய் எடுத்து வைப்பவள் என்று லாச்சப்பல் முழுக்கத் தெரியும். அந்த நேரம் பார்த்து முருங்கைக்காய் வாங்க வந்த கோசலை அக்கா பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தா.

"என்ன வள்ளிநாயகி, உங்கடை மனிசன் கள்ளுத் தவறணை திறக்கப் போறாரோ?"

மானம் கப்பலேறிவிட்டது. பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன், அந்தப் பக்கமும் கிளாஸ். கடைசியில் ஒரு வெறுஞ்சாக்கைப் போட்டு மூடிவிட்டேன். வேலை முடிய அதை நானே தள்ளுவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கதவு திறந்ததும் தொடங்கினேன்.

"என்ன கோதாரி இது?"

"பியர் செய்யிற சாமான்," என்றார் இவர், பிள்ளையைத் தூக்குவது மாதிரிப் பெட்டியைத் தூக்கி. "எங்கடை குசினியில வேலை செய்யிற வெள்ளை ஒருத்தன் வீட்டில செய்து கொண்டு வந்தவன். அதைக் குடிச்ச பிறகு கடையில வாங்கிறதெல்லாம் தண்ணி, வள்ளி."

"கீழை கடையில காசைக் குடுத்தால் போத்தில் தருவாங்கள். அதுக்கு ஏன் வாளி?"

"நீர் தோசைமா கடையில வாங்கிறனீரோ? அரைச்சுப் புளிக்க வைக்கிறீர்தானே?"

நியாயம் பேசினால் எனக்குக் கோபம் இரட்டிப்பாக வரும். அன்றைக்கு இரவு சமைக்காமல், கடையில் வாங்கின பாண்தான் போட்டேன்.

பெட்டிக்குள் இருந்தவை இவை: மூடியும் குழாயும் வைத்த முப்பது லீற்றர் வாளி, மூடியில் குத்துகிற கண்ணாடிக் குழல், தகரத்தில் முளைவிட்ட பார்லியில் காய்ச்சிய, தேன் மாதிரித் தடித்த கறுப்பு மோல்ற் பாணி, புளிக்க வைக்கிற ஈஸ்ற் ஒரு சின்னப் பைக்கற், ஒரு வெள்ளிப் பைக்கற்றில் உப்லோன். உப்லோன் என்றால் பியருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கிற பூ. காயவைத்துப் பொடித்து, ஆட்டுப் புழுக்கை மாதிரிப் பச்சை உருண்டைகளாக அடைத்து விற்கிறார்கள். மகள் சுபாங்கிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவள்தான் செய்முறைத் தாளை பிரெஞ்சில் உரத்து வாசித்தாள். எல்லாவற்றையும் கிருமி போகக் கழுவ வேண்டும் என்கிற இடம் வந்தபோது வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்து, "போவ்ர் மமோன்," என்றாள். பாவம் அம்மா என்று அர்த்தம்.

இவருக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. அதுவரை ஈஸ்ற் பைக்கற்றைப் பத்திரமாகக் குளிர்ப்பெட்டிக் கதவில் வைத்தார். சனிக்கிழமை இவருடைய கூட்டாளி வரதராசா சாப்பிட வருவதாக இருந்தது. நான் பாலப்பத்துக்கு மா கரைத்தேன். குளிர்ப்பெட்டியைத் திறந்தேன். ஈஸ்ற் என்று எழுதிய பைக்கற் இருந்தது. வெட்டிக் கொட்டினேன். அப்பம் என்றால் அப்பம், ஓரம் மொறுமொறுவென்று, நடு பஞ்சுமாதிரி, அப்படி ஒருநாளும் எனக்கு வந்ததில்லை. வரதராசா பதினொன்று தின்றான். இவர் ஏழு. இரண்டு பேரும் என்னைப் புகழ்ந்த புகழ் கொஞ்சநஞ்சமில்லை.

மறுநாள் காலை இவர் மோல்ற் பாணியைக் காய்ச்சி ஆறவைத்துவிட்டுக் குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தார். பூட்டிப் பார்த்தார். திரும்பத் திறந்தார்.

"வள்ளி, இஞ்சை ஒரு பைக்கற் இருந்தது."

"ஈஸ்ற்றோ? நீங்கள் நேற்று ஏழு அப்பம் திண்டனீங்கள்."

இவர் போய்க் குளியல் தொட்டி விளிம்பில் இருந்துவிட்டார். பிறகு தொடங்கிய சிரிப்பு, கீழ்வீட்டுக்காரி தட்டுகிற வரைக்கும் நிற்கவில்லை. அன்றைக்குக் கடையில் வாங்கிய பாண் ஈஸ்ற்றைப் போட்டுச் சமாளித்தார். வந்த பியரை வரதராசா கூட இரண்டாம் மிடறு குடிக்கவில்லை.

வினை அங்கேதான் பிடித்தது. ஒரு ஈஸ்ற் பைக்கற்றுக்குத் தபால் செலவு கட்டாது என்று இவர் அதோடு சேர்த்து இன்னும் ஒன்பது சாமான் எடுத்தார். பிறகு அந்த இணையக் கடையைப் பேப்பர் வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு நாளும் வாசிக்கத் தொடங்கினார். எந்த மோல்ற், எந்த நாட்டு உப்லோன், வாங்கினவர்கள் கீழே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று எல்லாம் பாடம். ஒன்பது வருசம் பார்சல் வந்தது, ஒன்பது வருசமும் நானே கையெழுத்து வாங்கி, நானே இழுத்துக்கொண்டு வந்தேன். வாளி குளியலறையில், தொட்டிக்குப் பக்கத்தில், சூட்டுக் குழாயில் முட்டாமல் நின்றது. குழலால் 'புளுக், புளுக்' என்று காற்று விடும். நான் ஒரு பக்கம் குளிக்க, அது ஒரு பக்கம் புளிக்கும்.

ஒரு சொட்டுக் குடித்ததில்லை நான். ஆனால் தோசைமாவோடு வாழ்ந்த மூக்கு சும்மா இருக்குமா? சவர்க்காரம் போட்டுக்கொண்டே அது எத்தனையாம் நாள் என்று சொல்லப் பழகிவிட்டேன். "நாளைக்குப் போத்தில்ல அடையுங்கோ, இனி வைச்சால் கெட்டுப்போம்," என்று உள்ளே இருந்து கத்துவேன். இவர் வெளியே நின்று, "ஓம் மதாம்," என்பார். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் வரதராசா வருவான். யன்னலைத் திறந்துவிட்டு, பாலத்தில் போகிற மெற்றோவைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு போத்தில் குடிப்பார்கள். இவர் கிளாசைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, கண்ணை மூடி மணந்து, "தோடம்பழத் தோல். பின்னுக்குக் கொஞ்சம் மிளகு," என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவார். சுபாங்கி மூலையில் பாடம் படிப்பாள். நான் கடலை வறுத்துக் கொடுத்துவிட்டுத் திட்டுவேன். அந்தப் பின்னேரங்கள் என்ன விலை கொடுத்தாலும் இனி வரப்போவதில்லை.

2020 பங்குனியில் தொற்று வந்து பாரிஸைப் பூட்டினார்கள். சுபாங்கி லியோனில் படித்துக்கொண்டிருந்தாள், அங்கேயே நின்றுவிட்டாள். ரெஸ்ரோரன்ற் மூடியது. சாப்பாட்டுக் கடை என்பதால் என் வேலை நிற்கவில்லை. அந்த மாதக் கடைசியில் எனக்கு இருமல், இவருக்கு ஐந்து நாள் காய்ச்சல். இரண்டு பேரும் எழும்பிவிட்டோம். பிள்ளையாரே என்று நான் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போனேன். இவர் வீட்டில் இருந்தார், பியர் காய்ச்சினார், அதோடு பார்சல் வரத் தொடங்கியது. பெரிய பெட்டி இல்லை, சின்னச் சின்ன உறை. கிழமைக்கு ஒன்று, இரண்டு. கடைக்கு முன்னால் ஆட்கள் ஒரு மீற்றர் தள்ளித் தள்ளி நிற்கிறார்கள், எங்களுக்குத் தெரிந்த இரண்டு பேர் பொபினி ஆசுப்பத்திரியில் கண்ணை மூடிவிட்டார்கள், இவருக்கு உப்லோன் வருகிறது. வீடு முழுக்க அந்த மணம்தான். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. உறையை மேசையில் எறிந்தேன்.

"ஊர் செத்துக்கொண்டிருக்குது. உங்களுக்குக் குடி கேக்குது, என்ன?"

இவர் உறையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் அடிக்க வேண்டும் போலிருக்கும்.

வைகாசிக் கடைசி ஞாயிறு, ஆட்கள் வந்து போகலாம் என்று விட்ட பிறகு, வரதராசா மாஸ்க்கோடு வந்தான். இரண்டு மாதத்துக்குப் பிறகு யன்னலடியில் இரண்டு கதிரை. இவர் போத்தில் மூடியைத் திறந்தார். நான் அடுப்படியில் நின்றேன். அங்கே வந்து மூக்கில் அடித்தது வினாகிரி. ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினாகிரி. போத்தில் கழுவும்போது இவர் ஒவ்வொன்றாக மணந்து பார்த்துத்தான் அடுக்குவார், அப்படிப்பட்டவருடைய போத்திலில் இந்த மணம் எப்படி வந்தது என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

இவர் கிளாசைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கண்ணை மூடி மணந்தார். பாதியைக் குடித்தார்.

"தோடம்பழத் தோல்," என்றார். "முந்தினதிலும் திறம். என்ன வரதன்?"

வரதராசா ஒரு மிடறை வாயில் வைத்துக்கொண்டு விழுங்க முடியாமல் என்னைப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் முட்டியது. பிறகு விழுங்கினான். "ஓம் அண்ணை. திறம்," என்றான்.

போய் இவருடைய கையிலிருந்த கிளாசை வாங்கினேன். ஐம்பத்தொரு வயதில் முதல் தரமாக வாயில் வைத்தேன். தொண்டை எரிந்தது.

"இது வினாகிரி," என்றேன். "உங்களுக்கு மணக்கேல்லையோ?"

வரதராசா எழும்பி, "நான் பேந்து வாறன் அக்கா," என்று சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டே வெளியே போனான். இவர் குளியலறைக்குள் போய், உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் பின்னாலிருந்து ஒரு சப்பாத்துப் பெட்டியை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். உள்ளே வெள்ளிப் பைக்கற்றுகள். பதினேழு. எல்லாம் வெட்டித் திறந்தபடி. ஒன்றிலும் ஒரு உருண்டை குறையவில்லை.

"காய்ச்சலோடை போனது," என்றார். "நாக்கும் போயிட்டுது. எது கூடுதலா மணக்குமெண்டு அந்தக் கடையில போட்டிருந்ததோ, அதாப் பாத்து எடுத்தன். பைக்கற்றைத் திறந்தால் வீடு முழுக்க மணக்குமெண்டு வாங்கின ஆக்கள் எழுதியிருந்தாங்கள். நானும் திறந்தன். பதினேழும் திறந்தன், வள்ளி. ஒண்டுமில்லை."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"நீர் கடையில கதைப்பீர். கடையில கதைச்சால் ஷெஃப்பின்ரை காதுக்குப் போகும்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் அது உண்மை. நான் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். குடி கேட்குது என்று நான் எறிந்த உறையும் அதற்குள் கிடந்தது.

ஆனியில் ரெஸ்ரோரன்ற் திறந்தது. ஞாபகத்தை வைத்தே சமைப்பேன் என்று இவர் நின்றார். பழுதான மீனை ஒரு பிள்ளை தின்றால் என்ன செய்வீர்கள் என்று நான் நின்றேன். ஒரு கிழமை சண்டை. எட்டாம் நாள் இவரே போய் ஷெஃப்பிடம் சொன்னார். ஷெஃப் கெட்டவர் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு கதைத்தாராம். புது வருசம் வரைக்கும் மரக்கறி வெட்டட்டும், கோப்பை கழுவட்டும், அதற்குள் மூக்கு வராவிட்டால் சோஸ் அடுப்புக்கு வேறு ஆளை நிரந்தரமாக எடுக்கத்தான் வேண்டும் என்றார். பத்தொன்பது வருசம் ஏறிய படியை இவர் ஒரு காலையில் இறங்கினார். வீட்டுக்கு வந்து, கோப்பை கழுவிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஆசுப்பத்திரியில் டொக்டர், தெரிந்த மணங்களைத் தினமும் இரண்டு நேரம் முகரச் சொன்னார். திரும்பி வந்தாலும் முதலில் பிழையாகத்தான் வரும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். காலையில் இவர் வேலைக்குப் போகுமுன் நான் ஒவ்வொரு பைக்கற்றாக மூக்குக்குக் கீழே பிடிப்பேன். "இது எலுமிச்சை இலை. கசக்கின மாதிரி. தெரியுதோ?" "ஒண்டுமில்லை." "இது பழுத்த மாம்பழம், காம்படி." "ஒண்டுமில்லை." ஆடி, ஆவணி, புரட்டாதி, ஒரே மறுமொழி. அந்த வாளி காய்ந்து கிடந்தது. நான் தொட்டிக்குள் காலை நீட்டிக் குளித்தேன், எனக்கு அது பிடிக்கவில்லை. வரதராசாவை வரச்சொல்லவோ என்று கேட்டேன், இவர் வேண்டாம் என்றார்.

ஐப்பசிக் கடைசியில் திரும்ப எல்லாவற்றையும் பூட்டினார்கள். ரெஸ்ரோரன்றைப் பூட்டினார்கள், ஷெஃப் சொன்ன தவணை மட்டும் நடந்துகொண்டே இருந்தது. திறந்த பைக்கற்றுகள் எல்லாம் காற்றுப் போய், எனக்கே வைக்கோலாக மணந்தன. இவர் இனி வேண்டாம், விடும் என்றார். நான் லியோனுக்கு ரெலிபோன் எடுத்து, "அப்பா சாமான் எடுக்கிற அந்தக் கடைக்குள்ள எப்பிடிப் போறது எண்டு சொல்லடி," என்றேன். சுபாங்கி சிரிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லித் தந்தாள். ஒரு மணித்தியாலம் எடுத்தது. என் பெயரில், என் கார்ட்டில், இருக்கிறதிலேயே மூர்க்கமாக மணக்கிறது என்று போட்டிருந்த ஐந்து உப்லோன் எடுத்தேன். நாலாம் நாள் கடைக்கு வந்தது. எனக்கு நானே கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை, கந்தசட்டி மூன்றாம் நாள். வெறும் வயிற்றோடு விரதம் நான். இவர் சாரத்தோடு, சவரம் செய்யாத முகத்தோடு மேசையில் இருந்தார்.

"கண்ணை மூடுங்கோ."

"விடும் வள்ளி."

"மூடுங்கோ எண்டுறன்."

மூடினார். புதுப் பைக்கற்றை வெட்டினேன். பசி வயிற்றில் எனக்கே தலை சுற்றியது, அப்படி ஒரு மாம்பழமும் பச்சிலையும். மூக்குக்குக் கீழே பிடித்தேன். ஒண்டுமில்லை என்று சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இவருடைய முகம் கோணியது. தலையைப் பின்னுக்கு இழுத்தார்.

"என்ன?"

"நாறுது," என்றார்.

"என்ன நாறுது?"

"எரிஞ்ச றப்பர். பொல்லாத நாற்றம். பழுதானதைத் தந்திட்டாங்கள், திருப்பி அனுப்பும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னார் என்று இவருக்கே விளங்கியது. கண்ணைத் திறந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நான் இரண்டாம் பைக்கற்றை வெட்டினேன். அதுவும் நாறியது. ஓடிப்போய்க் கறித்தூள் போத்திலைக் கொண்டுவந்தேன். "சீ, நாறுது." கோப்பி, அதைவிட மோசம். பெருங்காயம், சவர்க்காரம், சாமித்தட்டுத் திருநீறு. எல்லாம் எரிந்த றப்பர். அந்த மூக்கு சரியாக வர இன்னும் பத்து மாதம் பிடித்தது, ஷெஃப் பொறுத்துக்கொண்டார், திரும்ப அடுப்பையும் கொடுத்தார். அன்றைக்குக் காலை எங்களுக்கு அதொன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம், உலகம் நாறுகிறது என்பது மட்டும்தான். இவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணால் தண்ணீர் ஓடியது, இன்னும் கொண்டு வாரும், இன்னும் கொண்டு வாரும் என்றார்.

கொண்டுவர வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. நான் வெறுங்கையோடு வந்து முன்னால் நின்றேன். தலை தோய்ந்து, எண்ணெய் வைத்திருந்தேன். இவர் என் தலையைப் பிடித்துக் கிட்ட இழுத்து, உச்சியில் மூக்கை வைத்து ஆழமாக மணந்தார்.

"நீரும் நாறுறீர், வள்ளி," என்றார்.

கலியாணம் கட்டி இருபத்தாறு வருசம். அந்த மனிசன் என்னைப் பார்த்து எத்தனையோ நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார். இந்த ஒன்றுக்குத்தான் நான் விரதத்தோடு தரையில் இருந்து, வாய்விட்டு அழுதேன்.